படபடப்பு நிற்பதற்குள் அதைப் பேப்பரில் பிடிப்பது எப்படி

புதுச்சேரியில் ஓர் இருதய கிளினிக்கில் 19 வருஷமாக ஈசிஜி எடுக்கிறேன். சொந்த ஊர் கடலூர் முதுநகர். தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். இத்தனை வருஷத்தில் என் மேஜைக்கு எதிரே அதிகம் கேட்ட பேச்சு இதுதான்: "இப்ப ஒண்ணும் இல்லம்மா. நேத்து ராத்திரி அடிச்சுது பாருங்க, நெஞ்சு வெளிய வந்துடும் போல!"

ஈசிஜி 10 விநாடிப் படம். நேற்று ராத்திரி அடித்தது இன்று காலைப் படத்தில் எப்படி விழும்? படத்தில் 'நார்மல்' என்று வரும், வீட்டில் "உனக்கு மனசுதான் சரியில்லை" என்பார்கள். அதனால் படபடப்பு இருக்கும்போதே அதைப் பிடித்துவிட வேண்டும். பாதி வேலை உங்கள் கையில்தான் இருக்கிறது.

முதலில் நாடி பார்க்கப் பழகுங்கள். வளையல், வாட்ச் எல்லாம் கழற்றிவிட்டு உட்காருங்கள். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மறு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு உண்டு, ஏமாற்றிவிடும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது ஒழுங்கான நாடிக்குச் சரி. தாறுமாறான நாடியை 1 நிமிஷம் முழுக்க எண்ணியே ஆக வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 60 முதல் 100 வரை சாதாரணம்.

எண்ணிக்கையோடு நடையையும் கவனியுங்கள். காலால் தரையில் தட்டிக்கொண்டே பாருங்கள். சீராகப் போய் நடுவில் ஒன்று முந்தி வந்து, ஒரு சின்ன நிறுத்தம் விழுந்து, மறுபடி சீரானால் அது பெரும்பாலும் தனி அடி. அநேகம் பேருக்கு வருவதுதான். காலால் கூடவே தட்ட முடியாத அளவு ஒவ்வொரு இடைவெளியும் வேறு வேறாக இருந்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம், நாங்கள் ஏ.எஃப். என்போம். அதில் இருதயத்தின் மேல் அறை சுருங்காமல் வெறுமனே நடுங்கும், உள்ளே ரத்தம் தேங்கி உறையும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். படபடப்பே தெரியாமல் ஏ.எஃப். இருப்பவர்களும் உண்டு. 65 தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால் மாதம் ஒரு தடவையாவது அவர்கள் கையைப் பிடித்துப் பாருங்கள்.

அடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எவ்வளவு நேரம் இருந்தது, நாடி எவ்வளவு, எப்படி நின்றது என்று எழுதுங்கள். சுவிட்ச் போட்ட மாதிரி சட்டென்று வந்து சட்டென்று நின்றதா, மெல்ல ஏறி மெல்ல இறங்கியதா என்பதை மறக்கவே வேண்டாம். மெல்ல ஏறுவது காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு, பயம் எதிலும் வரும். சட்டென்று வந்து நிற்பது இருதயத்தின் மின் பாதையில் ஒரு குறுக்குச் சுற்று இருப்பதைக் காட்டலாம். அது நின்ற பிறகு ஒன்றுக்கு அதிகமாகப் போனால் அதையும் எழுதுங்கள். கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள், டாக்டருக்கு அது நல்ல துப்பு.

படபடப்பு இருக்கும்போதே பக்கத்தில் எங்கே ஈசிஜி மிஷின் இருக்கிறதோ அங்கே போங்கள். பெரிய ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்று காத்திருந்தால் போகிற வழியிலேயே நின்றுவிடும். தனியாக பைக் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், ஒரு கை விழுதல் இதில் எது இருந்தாலும் சீட்டு, நாடி எல்லாம் அப்புறம். உடனே 108.

எடுத்த பேப்பரை என்ன செய்வது? அது சூட்டில் கறுக்கிற காகிதம். நாளாக நாளாக எழுத்து மங்கும். அன்றே போட்டோ எடுத்து ஜெராக்ஸும் போட்டு வையுங்கள். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். எங்கள் அம்மாவின் முதல் ஏ.எஃப். படத்தைப் பத்திரமாக வைக்கிறேன் என்று லேமினேஷனுக்குக் கொடுத்தது சாட்சாத் நான்தான். மிஷினிலிருந்து கறுப்பு அட்டையாக வெளியே வந்தது. ஈசிஜி எடுக்கிறவள் வீட்டிலேயே இந்தக் கூத்து.

ஈசிஜியில் சிக்காவிட்டால் ஹோல்டர் மாட்டுவோம். அமெரிக்காவின் மொன்டானாவில் நார்மன் ஹோல்டர் என்பவர் முதலில் செய்த கருவி சுமார் 38 கிலோ, முதுகில் மூட்டையாகச் சுமந்தாராம். இப்போது இடுப்பில் செருகுகிற சின்ன டப்பா. 24 மணி நேரம் ஒவ்வொரு துடிப்பையும் பதியும். தேவனாம்பட்டினத்திலிருந்து ஓர் அண்ணன் வந்தார். "வலை இழுக்கறப்ப அடிச்சுக்குது தங்கச்சி, இங்க வந்தா ஊமையாயிடுது" என்றார். ஹோல்டர் மாட்டி அனுப்பினோம். மறுநாள் பார்த்தால் ராத்திரியும் பகலும் ஒரே மாதிரி, அழகான ரிக்கார்டு. என்னண்ணே செய்தீர்கள் என்று கேட்டால், மிஷின் கெட்டுப்போகுமே என்று ஒரு நாள் முழுக்கக் கட்டிலில் படுத்திருந்திருக்கிறார்! டாக்டர் சிரித்துவிட்டு மறுபடி மாட்டச் சொன்னார். கடலுக்குப் போகக் கூடாது, நனையக் கூடாது, மற்றபடி கரையில் செய்கிற வேலையை விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். இரண்டாவது ரிக்கார்டில், காலையில் ஐஸ் பெட்டி தூக்கியபோது, ஒரு முந்திய அடி, அதைத் தொட்டுக்கொண்டு வேகமான ஓட்டம், 4 நிமிஷம் கழித்து டக்கென்று நின்றது. டாக்டர் பார்த்தது அந்த 4 நிமிஷத்தைவிட, அதைத் தொடங்கி வைத்த ஒற்றை அடியைத்தான்.

அந்தத் தொடக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று நானும் கேட்டிருக்கிறேன். அப்போது டாக்டர் சொன்ன கதை இது. புதுச்சேரியில் எந்தத் தெருவில் விசாரித்தாலும் பிரான்ஸில் ஒரு சித்தப்பா இருப்பார். அந்த பிரான்ஸில் போர்தோ நகரத்து மருத்துவர் மிஷேல் ஹைசகேர். ஏ.எஃப். மேல் அறை முழுக்கப் பரவிய பிறகு எங்கிருந்து கிளம்பியது என்று கண்டுபிடிக்க முடியாது. அவரும் கூட இருந்தவர்களும் கம்பிகளை இருதயத்துக்குள் வைத்து, அது தொடங்குகிற கணத்தைக் கவனித்தார்கள். 45 நோயாளிகளிடம் 69 இடங்கள் அகப்பட்டன. அதில் 65 இடங்கள், நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டு வரும் நாளங்களுக்குள்! 1998ல் வெளியிட்டார்கள். இன்று ஏ.எஃப்.புக்கு அப்ளேஷன் என்று செய்வதன் அடிப்படை, அந்த நாளங்களின் வாயைச் சுற்றிச் சுட்டோ உறைய வைத்தோ மின்சாரத்தை மறித்துவிடுவதுதான். அண்ணனுக்கு ஏ.எஃப். இல்லை, குறுக்குச் சுற்று. அதைத் தொடை வழியாகக் கம்பி விட்டுச் சுட்டுவிட்டார்கள்.

குறுக்குச் சுற்று என்று டாக்டர் உறுதி செய்தவர்களுக்கு வீட்டு வித்தை ஒன்று உண்டு. சாய்ந்து உட்கார்ந்து, 10 மில்லி சிரிஞ்சின் முனையில் வாய் வைத்து, உள்ளே இருக்கிற தண்டு லேசாக நகரும் அளவு 15 விநாடி ஊத வேண்டும். முடித்ததும் மல்லாக்கப் படுக்க, கூட இருப்பவர் இரண்டு காலையும் 45 டிகிரிக்குத் தூக்கி 15 விநாடி பிடிக்க வேண்டும். 2015ல் இங்கிலாந்தில் சோதித்ததில், வெறுமனே ஊதியவர்களில் 17 சதவீதத்துக்குச் சீரானது, இப்படிச் செய்தவர்களில் 43. டாக்டர் ஒரு தடவை செய்து காட்டாமல் நீங்களாக முயல வேண்டாம். கழுத்து நரம்பை அமுக்கிப் பார்ப்பது கூடவே கூடாது.

மாத்திரையைப் பற்றி ஒன்று. அம்மாவுக்குச் சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கியது, அதனால் ஏ.எஃப். ரத்தம் கட்டியாக உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிறார். மாத்திரை அளவு சரியா என்று ரத்தம் குத்திப் பார்க்கிற பி.டி. ஐ.என்.ஆர். 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். ரத்தமே குத்த வேண்டாத புது மாத்திரை வந்திருக்கிறதே என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். இந்த வகை வால்வுக் கோளாறுக்கு அது சரிவராது. தில்லி எய்ம்ஸின் கணேசன் கார்த்திகேயனும் மற்றவர்களும் 4,500 பேருக்கு மேல் செய்து 2022ல் வெளியிட்ட ஆய்வில், பழைய மாத்திரை எடுத்தவர்களில்தான் சாவு குறைவாக இருந்தது. கீரை வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்பதற்காக முருங்கைக்கீரையை நிறுத்தத் தேவையில்லை. ஒரு வாரம் கட்டுக்கட்டாக, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லாமல் என்று போகாமல், வாராவாரம் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும்.

ஹோல்டர் மாட்ட வருபவர்களுக்குக் கடைசியாக. குளித்துவிட்டு வாருங்கள், மறுநாள் வரை குளிக்க முடியாது. நெஞ்சில் பவுடர், எண்ணெய், சந்தனம் வேண்டாம். நம்ம ஊர் வேர்வைக்கே ஸ்டிக்கர் பாதியில் கழன்று தொங்கும். முன்பக்கம் திறக்கிற சட்டை, பெண்கள் முன் ஹூக் வைத்த ரவிக்கை. படபடத்தால் டப்பாவில் உள்ள பட்டனை அமுக்கி, நேரத்தைச் சீட்டில் குறியுங்கள். கழற்றிய பிறகு பசை ஒட்டிக்கொண்டிருந்தால் சுரண்டாதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவி ஐந்து நிமிஷம் விட்டால் தானே வந்துவிடும்.