1999 நியூ சவுத் வேல்ஸ் மேலவைத் தேர்தல்: எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் முறைகளைப் பற்றி எழுத வருகிற இளைஞர்களின் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகத் திருத்திக் கொடுத்து வருகிறேன். ஆஸ்திரேலியா என்று வந்துவிட்டால் பெரும்பாலோர் கை வைப்பது ஒரே தேர்தலில்தான்: 1999 மார்ச் 27இல் நடந்த நியூ சவுத் வேல்ஸ் மேலவைத் தேர்தல். 264 வேட்பாளர்கள், ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலத்துக்கு வாக்குச்சீட்டு. 'மேஜை விரிப்பு' என்றே அங்கே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அந்தச் சீட்டின் படத்தைப் பார்த்தால் யாருக்கும் எழுதத் தோன்றும். தேதிப் பிழை, பெயர்ப் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவை மறுவாசிப்பில் சரியாகிவிடும். புரிதலையே கெடுக்கிறவை வேறு.

முழு அவைக்கும் தேர்தல் நடந்ததாக எழுதுவது

அவையில் 42 பேர். பதவிக்காலம் இரண்டு சட்டமன்றக் காலம், அதாவது எட்டு ஆண்டு. ஒவ்வொரு தேர்தலிலும் பாதிப் பேர்தான், 21 இடம். அன்றைய மாநில முதல்வர் பாப் காரின் லேபர் கட்சிக்கு அந்தத் தேர்தலில் கிடைத்தது 8. 1995இல் வந்த 8 பேரையும் சேர்த்தால் 16. கீழவையில் பெரும்பான்மை, மேலவையில் இல்லை.

ராஜ்ய சபாவோடு குழப்புவது

எம்எல்ஏக்களுக்கு இதில் வேலையில்லை. 1978 பொது வாக்கெடுப்புக்குப் பிறகு மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி.

"0.2 சதவீதத்தில் ஜெயித்தார்" என்று முடித்துவிடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். அவுட்டோர் ரிக்ரியேஷன் கட்சியின் மால்கம் ஜோன்ஸ் வாங்கிய முதல் விருப்ப வாக்கு (சீட்டில் 1 என்று போட்டது) சுமார் 0.2 சதவீதம், ஏழாயிரத்துச் சொச்சம். வெற்றிக்கான கோட்டா 4.55 சதவீதம், ஏறக்குறைய 1.6 லட்சம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, விகிதாசார முறையே மோசடி என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

ஒரு மாணவி அனுப்பிய எக்செல் அட்டவணை நினைவிருக்கிறது. முதல் விருப்ப வாக்கை இறங்கு வரிசையில் அடுக்கி, முதல் 21 பேருக்குப் பச்சை நிறம் பூசியிருந்தார். ஜோன்ஸ் எங்கோ கீழே கிடந்தார். பக்கத்தில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி. "சார், எண்ணும்போது தில்லுமுல்லு நடந்திருக்கு" என்று குறிப்பு வேறு. அந்த அட்டவணையை நம்பியே ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருந்தார். அத்தனையையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. கெட்டிக்காரப் பெண், ஒரு பருவத்து உழைப்பு வீண்.

தில்லுமுல்லு எதுவும் இல்லை. சீட்டின் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வேட்பாளர்களுக்குத் தனித்தனியாக எண் போடலாம், குறைந்தது 15 வரை. மேலே ஒரு கட்சிக்கான ஒரே கட்டத்தில் 1 போட்டால் போதும். பெரும்பாலோர் அப்படித்தான் போட்டார்கள். அந்த 1-க்குப் பின்னால் அடுத்தடுத்த விருப்பங்கள் யாருக்கு என்பதை, கட்சி முன்கூட்டியே தேர்தல் அலுவலகத்தில் கொடுத்து வைத்த பட்டியல் தீர்மானித்தது. அந்தப் பட்டியலை வாக்காளர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். குட்டிக் கட்சிகள் பல தங்களுக்குள் பேசிவைத்து, ஒன்றின் பட்டியலில் இன்னொன்றுக்கு மேலிடம் கொடுத்தன. ஒவ்வொரு சுற்றிலும் குறைந்த வாக்கு வைத்திருப்பவர் வெளியேற்றப்படுவார். அப்படி ஒரு கட்சி வெளியேறியதும் அதன் சீட்டுகள் கட்டுக்கட்டாக அடுத்த கட்சிக்குப் போயின. ஜோன்ஸ் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறினார். அவரைவிடப் பல மடங்கு முதல் விருப்பம் வாங்கிய ஷூட்டர்ஸ் கட்சி தோற்றது.

அதே தேர்தலில் பசுமைக் கட்சியின் லீ ரியானனும் 2.9 சதவீத அளவில்தான் தொடங்கினார். முதல் விருப்பத்தில் அவரும் கோட்டாவை எட்டவில்லை, மாற்றி வந்த வாக்குகளால் ஜெயித்தார். அதை யாரும் மோசடி என்று எழுதுவதில்லை. மாற்று வாக்கு என்பதே அப்படித்தான் வேலை செய்யும். கோளாறு இருந்தது கட்சி கொடுத்த பட்டியலில்: மாற்றுகிற அதிகாரம் வாக்காளர் கையைவிட்டுப் போய்விட்டது. இதைச் சொல்லாமல் 0.2 என்ற எண்ணை மட்டும் சொன்னால், படிக்கிறவருக்குத் தப்பான எதிரியைக் காட்டுகிறீர்கள்.

எனவே, சுற்று வாரியான வெளியேற்ற அட்டவணை கையில் இல்லாமல் இந்தத் தேர்தலைப் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டாம். முதல் விருப்பப் பத்தியை மூடிவைத்துவிட்டுக் கடைசிச் சுற்றிலிருந்து பின்னோக்கிப் படித்து வாருங்கள். யாருடைய கட்டு எங்கே போனது என்பது தானாகத் தெரியும்.

கட்சியின் பெயரை வைத்துக் கொள்கையை எழுதுவது

வேண்டாம். அந்தக் கட்சி யாருக்கு மேலிடம் கொடுத்தது என்று அதன் விருப்பப் பட்டியலைப் பாருங்கள்.

2003ஐயும் அதே கணக்கில் படிப்பது

அதற்குள் விதிகள் மாறிவிட்டன. கட்சிப் பட்டியல் முறை ஒழிந்தது. கோட்டுக்கு மேலேயும் வாக்காளரே 1, 2, 3 என்று போட்டுக்கொள்ளலாம். கட்சியைப் பதிவு செய்ய 750 உறுப்பினர்கள் வேண்டும், அதுவும் தேர்தலுக்கு ஓராண்டு முன்பே. கோட்டுக்கு மேலே கட்டம் வேண்டுமென்றால் குழுவில் 15 வேட்பாளராவது இருக்க வேண்டும். எண்பது கட்சி நின்ற இடத்தில் 2003இல் 15 குழுக்கள்தான். சரி, வேட்பாளர்களும் குறைந்திருப்பார்கள் என்று பார்க்காமலே எழுதிவிடுகிறார்கள். அந்த 15 பேர் விதியால் ஒவ்வொரு குழுவும் ஆளைச் சேர்த்தது. மொத்தம் 284 பேர் நின்றார்கள், 1999ஐவிட 20 பேர் கூடுதல்.