புதுத் திறன்பேசி: வரிசை பிசகினால் வரும் வம்புகள்

புதுத் திறன்பேசி கைக்கு வந்த அன்றே பழையதை அழித்துப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவது அல்லது கடையிலேயே டிரேட்-இன் போட்டுவிடுவது பலருக்குப் பழக்கம். சிங்கப்பூரில் கைப்பேசி மாற்றும்போது நடக்கும் தவறுகளில் ஆகப் பெரியது இதுதான். சிங்பாஸ் (அரசுச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளம்), வங்கி, வாட்ஸ்அப் மூன்றுமே பழைய கைப்பேசி கையில் இருக்கும்போதே புதியதற்குக் குடிபெயர வேண்டும். பழைய வீட்டை இடித்துவிட்டுச் சாமான் எடுக்கப் போனால் என்ன கிடைக்கும்?

சிங்பாஸ் செயலி ஒரு நேரத்தில் ஒரு கைப்பேசியில் மட்டுமே இயங்கும். புதியதில் அமைத்ததும் பழையதில் தானாகவே அடங்கிவிடும். அமைக்கும்போது முகச் சரிபார்ப்பு கேட்கும், அல்லது மறைச்சொல்லோடு குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை எண்ணைக் கேட்கும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு ஆண்டுக்கு முன்பு விட்டுவிட்ட எண்ணே சிங்பாஸில் இன்னும் பதிந்திருக்கும், குறுஞ்செய்தி யாருக்கோ போகும். ஆகவே பழைய கைப்பேசி உயிரோடு இருக்கும்போதே சிங்பாஸைத் திறந்து, பதிவாகியுள்ள எண்ணும் மின்னஞ்சலும் இப்போது உள்ளவைதானா என்று பாருங்கள். வேலை அனுமதி அட்டையில் இருப்பவர்கள் இதை இரட்டிப்புக் கவனத்துடன் பார்க்க வேண்டும். அவர்களில் பலர் சிம் அட்டையை மாற்றிக்கொண்டே இருப்பதுண்டு.

அடுத்து வங்கி. பரிவர்த்தனைகளை உறுதிசெய்யும் மின்னிலக்க டோக்கனைப் புதுக் கைப்பேசியில் இயக்கிய பிறகு 12 மணி நேரக் காத்திருப்பு உண்டு. அந்த நேரத்தில் புதுப் பெறுநரைச் சேர்ப்பது, பணம் அனுப்பும் உச்சவரம்பைக் கூட்டுவது போன்றவற்றைச் செய்ய முடியாது. வங்கியின் கோளாறு என்று நினைத்து டோக்கனை நீக்கித் திரும்பப் போடாதீர்கள், அந்த 12 மணி நேரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். 2021 கடைசியில் நடந்த பெரிய குறுஞ்செய்தி மோசடிக்குப் பிறகு, 2022 ஜனவரியில் நாணய ஆணையமும் வங்கிகளும் அறிவித்த பாதுகாப்பு இது. உங்கள் டோக்கனை மோசடிக்காரன் தன் கைப்பேசியில் இயக்கிவிட்டால், கணக்கு காலியாவதற்குள் நீங்கள் கண்டுபிடிக்க ஓர் இரவாவது கிடைக்கட்டும் என்பதே நோக்கம். "புதுச் சாதனத்தில் டோக்கன் இயக்கப்பட்டது" என்று வரும் அறிவிப்பைப் படிக்காமல் தள்ளிவிடுகிறவருக்கு அந்த 12 மணி நேரத்தால் எந்தப் பயனும் இல்லை. வாடகை கட்டவோ ஊருக்குப் பணம் அனுப்பவோ வேண்டிய நாளுக்கு முந்தின இரவில் கைப்பேசி மாற்றும் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

சேமிப்புப் பணம் பெரிதாக இருந்தால், 2023 நவம்பரிலிருந்து டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி வங்கிகள் தரும் பணப் பூட்டு வசதியைப் புதுக் கைப்பேசியில் கை வைக்கும் முன்பே போட்டுவிடலாம். பூட்டிய தொகையை இணையம் வழியாக யாரும் மாற்ற முடியாது, உங்களாலும் முடியாது.

வாட்ஸ்அப்பில் வேறொரு பொறி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் உரையாடல்கள் கூகல் டிரைவில் சேமிக்கப்படுகின்றன, ஐஃபோனில் ஐகிளவுடில். ஒன்றில் சேமித்ததை மற்றதால் படிக்க முடியாது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐஃபோனுக்கு மாறுகிறவர்கள், ஐஃபோனை முதன்முதலாக அமைக்கும்போதே 'மூவ் டு ஐஓஎஸ்' செயலி வழியாகக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டு அமைவை முடித்துவிட்டால், ஐஃபோனை முழுவதும் அழித்து மறுபடி தொடங்க நேரிடும். மாறியதும் வாட்ஸ்அப் அமைப்புகளில் இருகட்டச் சரிபார்ப்பைத் திறந்து ஆறு இலக்க எண் ஒன்றைப் போடுங்கள். உறவுக்காரர் பெயரில் வந்து "ஒரு எண் வந்திருக்கும், அனுப்புங்கள்" என்று கேட்டுக் கணக்கைப் பறிப்பவர்களை அது தடுக்கும்.

அட்டை இல்லாத இ-சிம் வைத்திருப்பவர்கள், புதியதில் இணைப்பு வரும்வரை பழையதில் உள்ளதை நீக்க வேண்டாம். நிறுவனம் தரும் கியூஆர் குறியீடு பெரும்பாலும் ஒருமுறைக்குத்தான்.

கடையிலேயே பார்க்க வேண்டியது

எக்ஸ்போர்ட் செட், அதாவது வேறு நாட்டுச் சந்தைக்கான கைப்பேசி, நூறு வெள்ளி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்கள் உத்தரவாதத்தைத்தான் யோசிக்கிறார்கள். அழைப்பை யோசிப்பதில்லை. 2024ல் இங்கே 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. 2ஜி 2017லேயே போய்விட்டது. இப்போது குரல் அழைப்பு 4ஜி வழியாகவே செல்கிறது, அதற்குக் கைப்பேசியில் வோல்டிஇ என்ற வசதி வேண்டும். வேறு நாட்டுச் சந்தைக்காகச் செய்த சில கைப்பேசிகளில் இங்குள்ள நிறுவனங்களின் வோல்டிஇ இயங்காது. இணையம் நன்றாக ஓடும், எண்ணைச் சுழற்றினால் அழைப்பு போகாது. அவசர எண்ணான 995க்கு அழைக்கும்போது இது தெரியவந்தால் என்ன செய்வது? பணம் கொடுக்கும் முன்பு உங்கள் சிம்மைப் போட்டு ஒரு சாதாரண அழைப்பு செய்து பாருங்கள், வாட்ஸ்அப் அழைப்பு கணக்கில் சேராது. அப்படியே *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண் (கைப்பேசியின் தனி அடையாள எண்) பெட்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா என்றும் பார்த்துக் குறித்து வையுங்கள்.

திரைக் கண்ணாடியை ஒட்டிய பிறகே விரல்ரேகையைப் பதியுங்கள். 2019ல் சாம்சங் கேலக்சி எஸ்10ல் சில சிலிக்கான் உறைகள் விரல்ரேகைக் கருவியைக் குழப்பி, யார் விரல் வைத்தாலும் திறக்கவைத்தன. நிறுவனம் மென்பொருளைத் திருத்தியது. அதன் பிறகும், கண்ணாடியை மாற்றினால் பழைய ரேகையை நீக்கிப் புதிதாகப் பதிவதே நல்லது. திரைப் பூட்டுக்கு ஆறு இலக்கமாவது இருக்கட்டும், பிறந்த நாளும் அடையாள அட்டை எண்ணும் வேண்டாம். ஐஃபோனில் 'திருடப்பட்ட சாதனப் பாதுகாப்பு' என்பதையும் இயக்குங்கள். மறைஎண்ணைத் தெரிந்துகொண்டவன்கூட வெளியிடத்தில் ஆப்பிள் கணக்கின் மறைச்சொல்லை உடனே மாற்ற முடியாது, அதற்கு உங்கள் முகத்தைக் காட்டி ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

ஏபிகே

வீட்டைத் துப்புரவு செய்ய மலிவுக் கட்டணம், கடலுணவுத் தள்ளுபடி, டுரியான் சுற்றுலா. 2023ல் இங்கே நடந்த பல மோசடிகள் இப்படித்தான் ஃபேஸ்புக் விளம்பரத்தில் தொடங்கின. வாட்ஸ்அப்பில் பேசுவார்கள், முன்பதிவுக்கு ஒரு செயலி வேண்டும் என்று இணைப்பு அனுப்புவார்கள். அந்த ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) நிறுவினால் அது கேட்கும் முதல் அனுமதி அணுகல்தன்மை, அதாவது அக்செஸிபிலிட்டி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக உருவான வசதி அது. அந்த அனுமதி பெற்ற செயலி திரையில் உள்ளதைப் படிக்கும், நீங்கள் தட்டும் மறைச்சொல்லைப் பார்க்கும், உங்களுக்குப் பதிலாகத் தானே பொத்தானை அழுத்தும். வங்கிச் செயலிக்கு அது நீங்கள் அழுத்தியதாகவே தெரியும்.

2024 பிப்ரவரியில் கூகல், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்புடன் சேர்ந்து, இப்படிப்பட்ட அனுமதிகளைக் கேட்கும் வெளிச் செயலிகளை ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு வசதியான பிளே புரொடெக்ட் தானாகத் தடுக்கும் சோதனைத் திட்டத்தை இங்கே தொடங்கியது. எனவே இப்போது மோசடிக்காரர்களின் பாட்டு வேறு: "முதலில் பிளே புரொடெக்டை அணைத்துவிடுங்கள்." யாராவது இதைச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

நிறுவியே விட்டீர்களா? விமானப் பயன்முறையைப் போடுங்கள், வைஃபை அணைந்ததா என்றும் பாருங்கள். வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பிறகே காவல்துறைப் புகார், கடைசியில் கைப்பேசியை முழுவதும் அழித்தல். கணக்கை முடக்கும் முன்பு செயலியைத் தேடி நீக்கிக்கொண்டிருப்பது நேரத்தை அவனுக்குக் கொடுப்பதுதான்.

அழைப்புகளுக்கு ஒரு எளிய குறி உண்டு: வெளிநாட்டிலிருந்து வருவதற்கு முன்னால் + இருக்கும், உள்ளூர் அழைப்புக்கு இருக்காது. "காவல்துறை பேசுகிறோம்" என்று + வைத்த எண்ணில் வந்தால் எடுக்க வேண்டியதே இல்லை. வெளிநாட்டு அழைப்பு முழுவதையும் தடுக்கும் வசதியைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இலவசமாகத் தருகின்றன. ஊரிலிருந்து அம்மா சாதாரண அழைப்பில் கூப்பிடுகிறவர் என்றால் அதுவும் நின்றுவிடும், வாட்ஸ்அப் அழைப்பு நிற்காது. வந்த செய்தி மோசடியா என்று ஐயம் இருந்தால் ஸ்கேம்ஷீல்டு செயலியில் ஒட்டிப் பாருங்கள், அல்லது 1799 என்ற 24 மணி நேர எண்ணைக் கூப்பிடுங்கள்.

மின்னூட்டம்

ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு உருண்டை முனைச் சார்ஜரை, சுவர் மின்னிணைப்பின் நடுத் துளையில் பேனாவையோ குச்சியையோ விட்டு மூடியைத் திறந்து செருகும் வழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு. மின்னோட்டத் துளைகளுக்குள் எதுவும் போகாமல் காக்கத்தான் அந்த மூடி. முனை சரியாகப் பொருந்தாமல் தளர்ந்து, பொறி பறந்து சூடாகும். சேஃப்டி மார்க்கும் எட்டு இலக்கப் பதிவெண்ணும் உள்ள மூன்று முனைச் சார்ஜரை வாங்கிவிடுங்கள். தலையணைக்கடியில் மின்னூட்டம் வேண்டாம்.

இவ்வளவும் முடிந்து ஒரு வாரம் எதுவும் விட்டுப்போகவில்லை என்று தெரிந்த பிறகு பழைய கைப்பேசிக்கு வாருங்கள். முதலில் கூகல் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள், அதன் பிறகு அமைப்புகள் வழியாக அழியுங்கள். வெளியேறாமல் அழித்தால் அடுத்தவர் திறக்கும்போது உங்கள் மறைச்சொல்லைக் கேட்டு நிற்கும். சிம் அட்டையையும் நினைவட்டையையும் எடுத்துவிட்டு, யாருக்கும் கொடுக்கப்போவதில்லை என்றால் பேரங்காடிகளிலும் சமூக மன்றங்களிலும் இருக்கும் மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள்.