உவர்ச்சதுப்பு மீட்பு: வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவீர்கள்?

கடலோர உப்புநீர்ச் சதுப்பை மீட்கும் வேலையில் நடக்கும் தவறுகளில், காய்ந்த கன்றை நடுவது, குப்பையை அள்ளாமல் தொடங்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை இரண்டாம் நாளே தானாகத் திருந்திவிடும். நாங்கள் அன்று செய்த சொதப்பல்களையே புதியவர்களும் செய்கிறார்களே, அவற்றுக்காகத்தான் இது.

வெட்டிய களியைக் கரையாகக் குவிப்பது

பிச்சாவரத்தில் 1970-கள் வரை அலையாத்தி மரங்களைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டினார்கள். நிழல் போனதும் களி காய்ந்து, தரை தாழ்ந்து தொட்டிபோல ஆனது. கடல் ஏற்றத்தில் புகுந்த நீர், கடல் இறங்கும் வற்றத்தில் வடியவில்லை. வெயில் நீரை உறிஞ்சியது, உப்பு தங்கியது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓடையோடு இணைத்த பிறகே கன்றுகள் பிழைத்தன.

இந்தக் கதையில் பாதியை மட்டும் கேட்டவர்கள் பொக்லைனோடு வருகிறார்கள். வாய்க்கால் வெட்டி, களியை இரு பக்கமும் நீளமாகக் குவித்து, தட்டிச் சமன் செய்து, படமும் எடுத்துக்கொள்கிறார்கள். வரப்பு போட்டுப் பழகிய கை, என்ன செய்வது! நம் தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் பெரும்பாலும் ஒரு மீட்டர் வித்தியாசம்கூட இல்லை. முழங்கால் உயரக் கரை போதும், ஏற்றநீர் தரையில் பரவாது. கார்த்திகை மழையில் உள்ளே தேங்கியது வெளியேறாது. பங்குனியில் தரை முழுக்க உப்புப் பூத்திருக்கும். கரையின் மேல் மட்டும் மழை உப்பைக் கழுவிவிடுவதால் அங்கே சீமைக் கருவேலம் செழிக்கும்.

முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு வேலையில் கரையை உடைத்துவிடச் சொன்னேன். "அவ்வளவு நேர்த்தியாகப் போட்டிருக்கிறோமே ஐயா" என்றார் மேற்பார்வையாளர். அடுத்த வருடம் அதே களியை அள்ள இன்னொரு மதிப்பீடு போட்டார்கள். ஈரத்தில் இயந்திரம் புதைந்து, வெட்டிய கூலியை அள்ளிய கூலி மிஞ்சியது. நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

களியை மெல்லிதாகப் பரப்புங்கள். முடியாவிட்டால் தாழ்வான இடங்களிலெல்லாம் கரையை வெட்டித் திறப்பு விடுங்கள். அமாவாசை, பௌர்ணமி ஏற்றநீர் அடுத்த வற்றத்தில் வடிவதைக் கண்ணால் பார்க்கும்வரை ஒரு கன்றும் வாங்காதீர்கள்.

உமரியைக் களை என்று பிடுங்குவது

பிடுங்காதீர்கள். உமரி உப்புத் தரையில் வளரும் குறுஞ்செடி; அதுதான் சதுப்பு.

வெறும் தரை கண்ட இடமெல்லாம் வெண்கண்டல் நடுவது

உமரி நிற்கும் மேட்டுத் தரைக்குப் பெரிய ஏற்றத்தில்தான் நீர் எட்டும். அலையாத்தி மரமான வெண்கண்டலின் கன்றுக்கு அது போதாது. கோடியக்கரைக்கு வலசை வரும் உள்ளான் பறவைகளுக்கும் திறந்த சேறுதான் வேண்டும். நீரோட்டம் சீரானால், அருகில் உமரி இருக்கும்வரை விதை ஏற்றநீரோடு வந்துவிடும்.

ஆடு, மாடு

மேய்ச்சலைத் தடுக்க வேலி போடுவதற்கு முன் ஊர்க்கூட்டம் போட்டுப் பேசுங்கள்.

தூர்வார நிதி ஒதுக்காதது

ஒவ்வொரு பருவமழைக்குப் பின்னும் வாய்க்கால் முகப்பில் வண்டல் சேரும். நடவுச் செலவைக் குறைத்தாவது, முதல் மூன்று வருடத் தூர்வாரும் கூலியைத் திட்ட அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள்.