பழைய கேம் கன்சோலை ஆர்ஜிபி மானிட்டரில் இணைப்பது எப்படி?

மஞ்சள் பிளக் வழியே வரும் காம்போசிட் படத்தில் எழுத்துகளின் ஓரமெல்லாம் நிறம் கசியும். ஆர்ஜிபியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி கம்பியில் வருவதால் அந்தத் தொல்லை இல்லை. சோனி பிவிஎம் (ஸ்டுடியோக்களில் இருந்த பழைய டியூப் மானிட்டர்) போன்ற, பின்னால் பிஎன்சி சாக்கெட்டுகள் (செருகித் திருகிப் பூட்டும் வட்ட சாக்கெட்டுகள்) உள்ள மானிட்டரை மனதில் வைத்து எழுதுகிறேன். கணினியின் விஜிஏ மானிட்டர் பெரும்பாலும் சரிப்படாது. அது வரி அதிர்வெண் (நொடிக்கு எத்தனை வரி வரைகிறது என்பது) 31 கிலோஹெர்ட்ஸ் எதிர்பார்க்கும். இந்தக் கன்சோல்கள் தருவது 15 சொச்சம்தான்.

1. கன்சோலைப் பாருங்கள். மெகா டிரைவ், சாட்டர்ன், பிளேஸ்டேஷன் 1, சூப்பர் நிண்டெண்டோவின் முதல் வடிவம் ஆகியவை நேரடியாகவே ஆர்ஜிபி தரும். நிண்டெண்டோ 64 போன்றவற்றைத் திறந்து சாலிடர் செய்ய வேண்டிவரும். அது தனிக்கதை.

2. கேபிள். கன்சோலுக்கு ஒரு ஸ்கார்ட் (ஐரோப்பிய டிவிகளில் இருந்த 21 பின் இணைப்பு) கேபிள், அப்புறம் ஸ்கார்ட்டிலிருந்து பிஎன்சிக்குப் பிரிக்கும் ஓர் அடாப்டர். நேரடி பிஎன்சி கேபிளும் கிடைக்கிறது, ஆனால் எனக்கு அடாப்டர்தான் பிடிக்கும்: ஒன்று வாங்கினால் எல்லாக் கன்சோலுக்கும் போதும். ஜப்பானின் ஜேபி21 கேபிளும் பார்க்க ஸ்கார்ட் மாதிரியேதான் இருக்கும், பின் வரிசை மட்டும் வேறு. கலந்துவிடாதீர்கள்.

3. சிங்க். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். நிறம் மூன்றையும் சரியாகச் செருகியிருப்பீர்கள், படமோ மேலும் கீழும் உருண்டுகொண்டே இருக்கும். ஒவ்வொரு படமும் அதன் ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் சிக்னல்தான் சிங்க்; அது நான்காவது கம்பியில் வருகிறது. அதை மானிட்டரின் வெளி சிங்க் உள்ளீட்டில் செருகி, முன்பக்கத்தில் 'எக்ஸ்ட் சிங்க்' பட்டனையும் அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் மானிட்டர் பச்சைக் கம்பியில் சிங்க்கைத் தேடும். அங்கே அது இருக்காது.

கேபிள் வாங்கும்போது சிங்க் எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்று கேளுங்கள். பிளேஸ்டேஷன் 1-இல் காம்போசிட்டிலிருந்து எடுத்தால் திரையில் கட்டம் கட்டமாக மெல்லிய இரைச்சல் தெரியலாம். லூமாவிலிருந்து (படத்தின் வெளிச்ச அளவை மட்டும் சுமக்கும் சிக்னல்) எடுப்பது என் தேர்வு.

4. மானிட்டரில் ஆர்ஜிபி உள்ளீட்டைத் தேர்ந்தெடுங்கள். படம் நிலையாக நின்று நிறம் மட்டும் தாறுமாறாக இருந்தால், மானிட்டர் காம்போனென்ட் முறையில் (வெளிச்சத்தையும் நிற வேறுபாடுகளையும் தனித்தனியே அனுப்பும் வேறொரு முறை) இருக்கிறதா என்று மெனுவில் பாருங்கள். ஒலிக்குத் தனி ஸ்பீக்கர் வைப்பதே நல்லது. பிவிஎம்மில் உள்ளது பேருக்குத்தான்.

என்ன ஆனாலும் மானிட்டரின் பின் மூடியைக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிஆர்டியில் (படக்குழாயில்) உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

பிற்சேர்க்கை: சூப்பர் நிண்டெண்டோவுக்கு எந்தக் கேபிள் என்று சிலர் கேட்டிருந்தார்கள். என்டிஎஸ்சி (அமெரிக்க, ஜப்பானிய டிவி முறை) இயந்திரத்தில் தனி சிங்க் (படம் கலக்காத வெறும் சிங்க்) வரும் அதே பின்னில், பால் (PAL, ஐரோப்பிய டிவி முறை) இயந்திரத்தில் 12 வோல்ட் வருகிறது. தனி சிங்க் கேபிளைப் பால் இயந்திரத்தில் மாட்டினால் அந்த 12 வோல்ட் நேராக சிங்க் உள்ளீட்டுக்கே போகும். பால் இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதற்கென்றே செய்த, லூமா சிங்க் கேபிளாகப் பார்த்து வாங்குங்கள்.