காலனிய ஆப்பிரிக்காவின் பழைய போஸ்ட்கார்டுகள்: முதல் அட்டை வாங்கும் முன்

என் மேசையில் ஒரு போஸ்ட்கார்டு கிடக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தெரு. தலையில் மாட்டுக்கொம்பும் இறகும் சூடிய ஜூலு ரிக்‌ஷாக்காரர் நடுவில் நிற்கிறார். வண்டியில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண்மணி. தலைப்பு ரிக்‌ஷாவைப் பற்றி மட்டுமே பேசுகிறது. வாங்கி ஒரு மாதம் கழித்துதான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். வலது ஓரத்தில், பாதி வெட்டுப்பட்ட நிலையில், தோளில் தண்டு வைத்து இருபுறமும் கூடை தொங்கவிட்டபடி ஓர் இந்தியர் நடந்துபோகிறார். காய்கறி விற்பவராக இருக்க வேண்டும்.

அன்றிலிருந்து எந்த அட்டையையும் நடுவிலிருந்து பார்ப்பதை விட்டுவிட்டேன். முதலில் ஓரம், பிறகு முதுகு, கடைசியில்தான் படம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன்.

1. ஒரே ஓர் ஊரைப் பிடியுங்கள்

“ஆப்பிரிக்கா” என்று தேடினால் மூழ்கிப்போவீர்கள். செனகலின் டாக்கர் நகரில் கடை வைத்திருந்த ஃபிரான்சுவா-எட்மண்ட் ஃபோர்ட்டியே என்ற ஒருவர் மட்டுமே 3,000-க்கு மேற்பட்ட அட்டைகளை வெளியிட்டார். ஓவியர் பிக்காசோவிடமே அவருடைய அட்டைகள் சுமார் 40 இருந்தன.

ஆகவே ஓர் ஊர், அல்லது ஒரு புகைப்படக்காரர். கிழக்காப்பிரிக்கத் தீவான சான்சிபார் பிடித்திருந்தால் ஏ.சி. கோம்ஸ், கூட்டின்யோ சகோதரர்கள் என்ற பெயர்களைத் தேடுங்கள். இவர்கள் கோவாவைச் சேர்ந்தவர்கள். சியரா லியோனின் ஃப்ரீடவுனில் அல்ஃபோன்சோ லிஸ்க்-கேரு என்ற ஆப்பிரிக்கரே ஸ்டுடியோ நடத்தி அட்டை போட்டார். ஐரோப்பியர் எடுத்த படங்களோடு அவருடையதை வைத்துப் பார்ப்பது தனி ருசி. காங்கோவின் லியோபோல்ட்வில்லில் இருந்த போலந்துக்காரர் காசிமிர் ஜாகோர்ஸ்கியின் அட்டைகள் அசல் புகைப்படங்கள், அழகானவை. ஆனால் விலை கடிக்கும், தொடக்கத்தில் வேண்டாம்.

நம்மவர்களுக்கு டர்பன்தான் கைக்கு எட்டும் வாசல். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் கரும்புத் தோட்டக் கூலிகளை இறக்கிய துறைமுகம் அது. ரிக்‌ஷா அட்டைகள் ஏராளமாக அச்சானதால் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும்.

2. ஒரு மாதம் வாங்காமல் பாருங்கள்

இதைக் கேட்பவர் யாருமில்லை, நானும் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் உள்ள வின்டர்ட்டன் தொகுப்பு கிழக்காப்பிரிக்கப் படங்களை இணையத்தில் இலவசமாகக் காட்டுகிறது. வாஷிங்டனில் ஸ்மித்சோனியனைச் சேர்ந்த ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகத்தின் எலிசோஃபோன் ஆவணக் காப்பகத்திலும் போஸ்ட்கார்டுகள் உண்டு. தினம் இருபது பார்த்தால் போதும். எது எங்கும் கிடைப்பது, எது அபூர்வம் என்று கண் தானாகப் பழகிவிடும்.

3. முதுகைத் திருப்புங்கள்

அட்டையின் வயதை அதன் முதுகுதான் சொல்லும்.

நடுவில் கோடு இருக்கிறதா? இல்லையென்றால் அது பழையது. அக்காலத்தில் முதுகு முழுக்க முகவரிக்கு மட்டும்தான். சேதி எழுத வேண்டுமானால் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதினார்கள். இடப்பக்கம் சேதி, வலப்பக்கம் முகவரி என்று கோடு போட பிரிட்டன் 1902-ல் அனுமதித்தது. பிரான்ஸ் 1903 இறுதியில், ஜெர்மனி 1905-ல், அமெரிக்கா 1907-ல் அதே வழிக்கு வந்தன. காலனிகள் ஏறக்குறைய தாய்நாட்டின் வழியில் போயின. ஒன்றை மறக்காதீர்கள்: கடையில் மிஞ்சிய பழைய அட்டையைப் பல வருடம் கழித்தும் வாங்கி அனுப்புவார்கள். கோடு அச்சின் காலத்தைத்தான் காட்டும். அனுப்பிய நாளுக்குத் தபால் முத்திரையைப் பாருங்கள்.

மொழியையும் பாருங்கள். ‘கார்த் போஸ்தால்’ என்றால் பிரெஞ்சுப் பகுதி, அல்லது பெல்ஜியத்தின் காங்கோ. ‘போஸ்ட்கார்ட்டே’ என்றால் ஜெர்மன், ‘பில்யேத்தி போஸ்தால்’ என்றால் போர்ச்சுகல் பிடித்திருந்த மொசாம்பிக் அல்லது அங்கோலா. ‘ஜெர்மனியில் அச்சிடப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் சிறிய எழுத்து இருந்தால் பெரும்பாலும் 1914-க்கு முந்தையது. போர் வந்ததும் அந்த வியாபாரம் நின்றது. கலர் அட்டைகளின் நிறத்தை நான் நம்பாததற்கும் இந்த ஜெர்மன் அச்சுதான் காரணம். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எங்கோ ஜெர்மானிய அச்சகத்தில் உட்கார்ந்து வண்ணம் பூசியவர் டர்பனைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். என்னிடம் ஒரே அட்டையின் இரு பதிப்புகள் உள்ளன. அதே புடவை ஒன்றில் சிவப்பு, மற்றதில் பச்சை!

ஊர்ப் பெயரும் நாள்காட்டிதான். ‘காங்கோ சுதந்திர அரசு’ என்றிருந்தால் 1908 வரை. அதன் பிறகு ‘பெல்ஜியக் காங்கோ’. ‘தங்கனிக்கா’ என்ற பெயர் முதல் உலகப் போருக்குப் பின் வந்தது. அதற்கு முன் அது ஜெர்மன் கிழக்காப்பிரிக்கா.

தபால்தலைதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கென்யாவின் மொம்பாசாவிலிருந்து வந்த பழைய அட்டையில் விலை ‘அணா’ என்று இருந்தால் மிரளாதீர்கள். அங்கே நம் இந்திய ரூபாய்தான் புழங்கியது. 1895-ல் இந்தியத் தபால்தலைகள் மேலேயே ‘பிரிட்டிஷ் கிழக்காப்பிரிக்கா’ என்று அச்சடித்து விற்றார்கள். 1907-ல்தான் தபால்தலையில் அணா போய் சென்ட் வந்தது. ஜெர்மன் பகுதியிலும் நாணயத்தின் பெயர் ‘ரூப்பியே’தான்.

4. பூதக்கண்ணாடி

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நகைக்கடைக்காரர் கண்ணில் வைப்பாரே, அது போதும். வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் சாதாரண அச்சு. புள்ளிக்குப் பதில் காய்ந்த சேறு வெடித்தது போல ஒழுங்கற்ற நெளிவுகள் இருந்தால் கொலோடைப் என்ற நுண்ணிய அச்சு முறை. ஒன்றுமே இல்லாமல் வழவழவென்று இருந்தால் புகைப்படத் தாளிலேயே எடுத்த அசல் படம். சாய்த்துப் பிடித்தால் கருமையான இடங்களில் வெள்ளி போல ஒரு மினுமினுப்பு வரும். விலை ஏறுவதும் அங்கேதான்.

பழைய அட்டையின் அளவு ஏறத்தாழ 9-க்கு 14 செ.மீ. அதைவிடக் கொஞ்சம் பெரியதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ரூபாய் நோட்டுச் சோதிக்கும் புற ஊதா விளக்கும் உதவும். சுமார் 1950-க்குப் பிறகு தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்த்தார்கள். அந்தத் தாள் விளக்கடியில் நீலமாகப் பளிச்சிடும். 1905 என்று சொல்லப்படும் அட்டை அப்படிப் பளிச்சிட்டால் மறுபதிப்பு.

இந்தப் பாடத்துக்கு நான் கட்டிய ஃபீஸ் 1,800 ரூபாய். மொம்பாசாத் துறைமுகம், கோணம் பிரமாதம், முதுகைக் காட்டும் படம் மட்டும் விற்பனைப் பக்கத்தில் இல்லை. கேட்கவும் இல்லை. வந்த பிறகு விளக்கில் வைத்தேன். பல்பு போல எரிந்தது.

5. வாங்குவது

டெல்காம்ப், ஈபே என்ற இரண்டு இணைய விற்பனைத் தளங்களிலும் கிடைக்கும். முன், பின் இரு பக்கப் படமும் இல்லாமல் பணம் கட்டாதீர்கள். தேடும்போது பழைய ஊர்ப் பெயரைப் போடுங்கள்: மாப்புட்டோவுக்கு லோரென்சோ மார்க்கேஸ், ஹராரேவுக்கு சாலிஸ்பரி. தபால் செலவு அட்டை விலையைத் தாண்டும், சுங்க வரியும் சேரலாம். ஒரே விற்பவரிடம் நாலைந்தாக வாங்குங்கள். மூலை மழுங்கியிருந்தால் பரவாயில்லை. நடுவில் மடிப்பு, தபால்தலையைக் கிழித்தெடுத்த காயம், இவை இருந்தால் பேரம் பேசுங்கள். எழுதிய அட்டையா, எழுதாததா என்றால் என் ஓட்டு எழுதியதற்கே.

இன்னொன்று. அரை நிர்வாணப் பெண்களை ‘பழங்குடி வகை’ என்று தலைப்பிட்டு விற்ற அட்டைகள் ஆயிரக்கணக்கில் வரும். பெயர் கேட்கப்படாத, சம்மதம் கேட்கப்பட்டதா என்றே தெரியாத பெண்கள். நான் வாங்குவதில்லை. ஆய்வுக்காக வாங்குகிறவர்களோடு சண்டையும் இல்லை. ஆனால் அவற்றை வாட்ஸ்அப் குழுவில் “பழைய பொக்கிஷம்” என்று சுற்றவிடாதீர்கள்.

6. வைப்பது

நம் ஊர் ஈரமும் ராமபாணப் பூச்சியும்தான் எதிரிகள். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையில் போடுங்கள், பி.வி.சி. உறை நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். லேமினேஷன், செல்லோ டேப், பசை எதுவும் கூடாது. பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம், பீரோவின் நடுத்தட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது. போதும்.

7. பதிவேடு

நோட்டோ எக்செல்லோ, இரண்டு பத்திகள் கட்டாயம்: ‘அட்டை சொல்வது’, ‘நான் காண்பது’. ஏனென்றால் தலைப்பை வைத்தவர் வியாபாரி. டர்பனில் காய்கறி விற்ற தமிழர்களை வெள்ளையர்கள் மொத்தமாக ‘சாமி’ என்றே கூப்பிட்டார்கள். ராமசாமி, முனுசாமி, எல்லோருமே சாமி. அதுவே அட்டைகளிலும் ஏறியது. ‘கூலி’ என்ற சொல் அதைவிடத் தாராளமாக ஏறியது. தலைப்பை உள்ளபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பக்கத்துப் பத்தியில் உங்கள் கண்ணில் படுவதை எழுதுங்கள்.

என் ரிக்‌ஷா அட்டைக்கான பதிவு இது:

அட்டை சொல்வது: ரிக்‌ஷா, டர்பன்.
நான் காண்பது: ரிக்‌ஷா இழுப்பவர், பெயர் தெரியவில்லை. கால்களில் வெள்ளைச் சாயக் கோலம், செருப்பில்லை. வலது ஓரத்தில் கூடைத் தண்டோடு ஓர் ஆள், தலைப்பாகை, வேட்டி முழங்காலுக்கு மேல். பெயர் தெரியவில்லை. முன்கூடையில் இருப்பது வாழைப்பழமாக இருக்கலாம்.