வன்பொருள் நேர்காணலுக்கு ஒரு பழுதோடு செல்லுங்கள்

காவிரிப் படுகையின் கல்லூரிகளில் மின்னணுவியல் படித்துவிட்டுப் பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தில் வன்பொருள் பொறியாளராகச் சேர விரும்புவோர், சுயவிவரத்தில் எட்டு புராஜெக்டுகளை அடுக்குவதைக் காட்டிலும், தாமே தேடிக் கண்டுபிடித்த ஒரு பழுதை அடிமுதல் நுனிவரை சொல்லப் பழகுவது நல்லது. கேள்விகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளைக்கும்.

அதற்கான சரக்கு நம் வயல்களிலேயே கிடக்கிறது. பம்புசெட்டை வீட்டிலிருந்தே ஓட்ட உதவும் மொபைல் ஸ்டார்ட்டர் ஒன்றை நீங்கள் செய்ததாகவும், அது குறுஞ்செய்தி அனுப்பும்போதெல்லாம் ரீசெட் ஆவதாகவும் வைத்துக்கொள்வோம். பலர் உடனே புரோகிராமைக் குடைவார்கள். ஸ்டார்ட்டருக்குள் இருந்து குறுஞ்செய்தி அனுப்பும் 2ஜி மாடூலின் சப்ளை முனையில், மின்னழுத்தம் கணத்துக்குக் கணம் மாறுவதைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பை வைத்துப் பார்த்தால், அந்த மாடூல் 4.615 மில்லி வினாடிக்கு ஒருமுறை, 0.577 மில்லி வினாடி நேரம், 2 ஆம்பியர் வரை இழுப்பதும், அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரிவதும் கண்ணுக்குத் தெரியும்.

“பெரிய கெபாசிட்டர் போட்டேன், சரியாகிவிட்டது” என்று நிறுத்தினால், மின்னேற்றத்தைத் தேக்கிவைத்துத் தரும் அந்தப் பாகம் “எவ்வளவு பெரியது?” என்பதே அடுத்த கேள்வி. சப்ளை 1 ஆம்பியர்தான் தரும், மின்னழுத்தம் 0.3 வோல்ட்டுக்கு மேல் இறங்கக் கூடாது என்றால், மீதி 1 ஆம்பியரை 0.577 மில்லி வினாடிக்குத் தர ஏறத்தாழ 1,900 மைக்ரோஃபாரட் வேண்டும். கெபாசிட்டரின் உள்மின்தடையும் மாடூல்வரை ஓடும் செப்புத் தடத்தின் நீளமும் இந்தக் கணக்கைக் கெடுக்கும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

அடிப்படைகளைக் கட்டாயம் தொடுவார்கள். மிகுதி மின்னழுத்தத்தை வெப்பமாக்கிக் குறைக்கும் லீனியர் ரெகுலேட்டர் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கி அரை ஆம்பியர் தந்தால் 3.5 வாட் வெப்பமாகப் போகும். கிளாக் துடிப்புக்குப் பிறகு டேட்டா மாறாமல் நிற்க வேண்டிய நேரம் நிற்காமல் போகும் ஹோல்டு டைம் மீறலைக் கிளாக்கின் வேகத்தைக் குறைத்துச் சரிசெய்ய முடியாது. இவை யோசிக்காமல் வர வேண்டும். டிசைன் கேள்விக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். குறுவை நடவின்போது எல்லா மோட்டாரும் ஓட, லைனின் கடைசியில் வோல்டேஜ் எவ்வளவு விழும் என்று நம் ஊரில் கேட்பதுபோல, உள்வரும் மின்னழுத்தத்தின் எல்லை, வெப்பநிலை, விலை ஆகியவற்றைக் கேட்டறிந்த பிறகே படம் வரையத் தொடங்குங்கள். ஆங்கிலம் தடுமாறினால் கவலை வேண்டாம். பாகங்களைக் கட்டங்களாகக் காட்டும் பிளாக் டயகிராமைச் சுட்டிக்காட்டிச் சின்னச் சின்ன வாக்கியங்களில் பேசினால் போதும், வாயை மூடிக்கொண்டு யோசிப்பதுதான் கெடுதல்.

முன்பு வேலை பார்த்த இடத்தின் சர்க்யூட்டை அப்படியே வரைந்து காட்டுவது தவறு. ரகசியத்தை இங்கே கொட்டுபவர் நாளை எங்கும் கொட்டுவார் என்றே எண்ணுவார்கள்.

வேலையில் சேர்ந்த பின், இ.வி.டி. (பொறியியல் சரிபார்ப்புச் சோதனை), டி.வி.டி. (வடிவமைப்புச் சரிபார்ப்புச் சோதனை), பி.வி.டி. (உற்பத்திச் சரிபார்ப்புச் சோதனை) என்ற மூன்று கட்டங்களில் உங்கள் போர்டு சோதிக்கப்படும். முதல் போர்டு கைக்கு வந்த அன்று, ஆசையில் உடனே பவர் கொடுத்துவிடாமல், ஒவ்வொரு சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரால் மின்தடையை அளந்து குறித்துக்கொண்டு, பவர் சப்ளையின் மின்னோட்ட வரம்பைக் குறைவாக வைத்த பிறகே ஸ்விட்சைத் தொடுங்கள்.