‘சும்மாதான் சொன்னேன்’: வெளியூரில் எடுபடாத சமாதானம்

சாப்பாட்டுத் தட்டைத் தட்டிவிட்ட பிள்ளையை அம்மா ‘குரங்கே’ என்கிறாள். பாதி திட்டு, பாதி கொஞ்சல். பிள்ளையும் சிரித்துக்கொண்டே ஓடிவிடும். வீட்டில் பழகிய சொல்லின் எடையை அப்படியே வெளியூருக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் முதல் தவறு.

2008 ஜனவரியில் நடந்த சிட்னி டெஸ்டை கிரிக்கெட் பார்ப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆஸ்திரேலிய வீரர் ஆண்ட்ரூ சைமண்ட்ஸை நம் ஹர்பஜன் சிங் ‘மங்கி’ என்றார் என்று புகார் எழுந்தது. இந்தித் திட்டு ஒன்றுதான் தப்பாகக் காதில் விழுந்துவிட்டது என்றது இந்தியத் தரப்பு. முதலில் 3 டெஸ்ட் தடை. மேல்முறையீட்டில் இனவெறிக் குற்றச்சாட்டு நிற்கவில்லை, தகாத சொல்லுக்காகப் போட்டிச் சம்பளத்தில் பாதி அபராதம் என்று முடிந்தது. அப்போது நம் ஊரில் பலர் கேட்ட கேள்வி, ‘குரங்குன்னு சொன்னா என்ன? நாம அனுமாரையே கும்பிடுறவங்க!’ கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கறுப்பின மக்களை மனிதரே இல்லை என்று காட்ட வெள்ளையர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையில் எடுத்த சொல் அது. கரீபிய வம்சாவளி கொண்ட சைமண்ட்ஸைப் பார்த்து, அதற்குச் சில மாதங்கள் முன்புதான் மும்பையில் கூட்டத்தில் சிலர் குரங்குச் சேட்டை காட்டியிருந்தார்கள். அவர் காதில் அனுமார் எப்படி வருவார்?

அதே டெஸ்டில் இன்னொரு புகாரும் இருந்தது. ஆஸ்திரேலியாவின் பிராட் ஹாக், கும்ப்ளேயையும் தோனியையும் ‘பாஸ்டர்ட்’ என்று சொன்னதாக. இந்தப் புகாரை இந்தியத் தரப்பு பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டது. நமக்கு அது பிறப்பைத் தொடும் சொல், அம்மாவை இழுக்கும் சொல். ஆஸ்திரேலியர்களுக்கோ சிநேகிதனைக் கூப்பிடவும் அது போதும், பரிதாபப்படவும் போதும். இங்கிலாந்துப் பந்துவீச்சாளர்கள் ஆஸ்திரேலியர்களின் உடம்பைக் குறிவைத்து வீசிய 1932-33 பாடிலைன் தொடரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். தன்னை ஒருவன் அந்தச் சொல்லால் திட்டிவிட்டான் என்று இங்கிலாந்து கேப்டன் ஜார்டின் ஆஸ்திரேலிய அறைக்கே போய் முறையிட்டாராம். துணை கேப்டன் விக் ரிச்சர்ட்சன் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்து, ‘இந்த பாஸ்டர்டை பாஸ்டர்ட் என்று சொன்ன பாஸ்டர்ட் எவன்டா?’ என்றாராம்.

நம்மிடமும் இப்படி ஒன்று இருக்கிறதே. ‘என்னமா பாடுறான் பாவிப்பய!’ அகராதியைப் பார்த்தால் வசவு, காதால் கேட்டால் பாராட்டு.

சரி, அவர்களுக்கு அது லேசான சொல் என்று தெரிந்துவிட்டது, இனி நாமும் சொல்லலாம் என்று கிளம்புவது அடுத்த தவறு. இதில் மாட்டுபவர்கள் பெரும்பாலும் புதிதாக வேலைக்கோ படிப்புக்கோ போனவர்கள். உங்கள் நண்பனை அவன் தம்பி ‘லூசு’ என்பான். நேற்று அறிமுகமான நீங்கள் சொன்னால் அறையே அமைதியாகிவிடும். உரிமை பழக்கத்தில் வருவது. சொல்லைக் கற்றுக்கொண்டதால் மட்டும் அது வந்துவிடாது.

வேறு நாடு, வேறு மொழி என்றால்தான் இந்தச் சிக்கல் என்று நினைப்பதும் தப்பு. ஜப்பானில் முட்டாள் என்பதற்கு ‘அஹோ’, ‘பாகா’ என்று இரண்டு சொற்கள். ஒசாகாக்காரர்களுக்கு அஹோ செல்லத் திட்டு, பாகா சுருக்கென்று தைக்கும். டோக்கியோவில் அப்படியே தலைகீழ். 1990-ல் ஒசாகா டிவி நிகழ்ச்சி ஒன்றுக்கு ஒருவர் எழுதினார்: தான் ஒசாகா, மனைவி டோக்கியோ, சண்டை வந்தால் ஆளுக்கொரு சொல், இருவருக்கும் காயம், இந்த இரண்டு சொற்களுக்கும் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது? சிரிக்கத் தொடங்கிய விஷயம் நாடு தழுவிய ஆய்வாகிவிட்டது. பாகா டோக்கியோ இருக்கும் கிழக்கில் மட்டுமல்ல, ஒசாகாவைத் தாண்டி மேற்கிலும் இருந்தது. பழைய தலைநகரான கியோட்டோவைச் சுற்றி, குளத்தில் கல் விழுந்தால் எழும் வளையங்கள்போல முட்டாளுக்கான சொற்கள் பரவிக் கிடந்தன.

விலங்குகள் விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். நாம் ‘உடும்புப் பிடி’ என்று மெச்சுகிறோம். தாய்லாந்தில் உடும்பின் பெயரே கெட்ட வார்த்தை.

அப்புறம், குரலில்லாத இடம். வாட்ஸாப்பில் ‘போடா எருமை’ என்று அனுப்பினால் சிரிப்பு உங்கள் பக்கமே நின்றுவிடும், எருமை மட்டும் போய்ச் சேரும். நெருங்கியவர்கள் தவிர வேறு யாருக்கும் நான் இப்படி எழுதுவதில்லை.

கடைசித் தவறு, பட்ட பிறகு ‘எங்க ஊர்ல இது சாதாரணம்’ என்று விளக்கிக்கொண்டே இருப்பது. 2020 நவம்பரில், இங்கிலாந்தில் ஆடிக்கொண்டிருந்த உருகுவே கால்பந்து வீரர் எடின்சன் கவானி, வாழ்த்துச் சொன்ன நண்பருக்கு இன்ஸ்டாகிராமில் ‘கிராசியாஸ் நெக்ரீட்டோ’ என்று பதில் போட்டார். நன்றி கறுப்பா என்பதுபோல. அவர் ஊரில் அது அன்புச் சொல். பதிவை நீக்கி உடனே மன்னிப்பும் கேட்டார். உருகுவேயின் மொழிக் கழகமே அவருக்காகக் குரல் கொடுத்தது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் விதித்த 3 ஆட்டத் தடையும் 1 லட்சம் பவுண்ட் அபராதமும் அப்படியே இருந்தன.